போவதா, இருப்பதா? நம்ம ஊர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பழைய திருநெல்வேலி ஜில்லாவில், ஆலங்குளத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு கிராமம் எங்களுடையது. சாயங்காலத்தில் அங்கே ஒரு படிப்பகம் நடத்துகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்ப வருவார்கள், பாஸ்போர்ட்டுக்கு எழுத வருவார்கள், கூடவே அம்மாக்களும் வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நம்ம பக்கம் வேலையே இல்லையா? ஏன் எல்லாரும் வெளியூர் போகிறார்கள்?

தாமிரபரணித் தண்ணீர் பாயும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் ஒரு நிலைமை. மழையை நம்பிய சங்கரன்கோவில், ராதாபுரம், திசையன்விளை பக்கம் வேறு நிலைமை. ஆறு ஓடுகிற ஊரிலும் எல்லாரிடமும் நிலம் இல்லை. அதனால் வெளியே போவது நமக்குப் பழகிய ஒன்று. பம்பாயில் இருக்கும் தாராவிக்கு, சென்னை மளிகைக் கடைகளுக்கு, ஒரு காலத்தில் கொழும்புக்கு, இப்போது துபாய்க்கும் சவுதிக்கும் போகிறார்கள். உவரி, இடிந்தகரை பக்கத்து மீனவர்கள் அரபு நாட்டுப் படகுகளில் ஒப்பந்தத்துக்கு மீன் பிடிக்கப் போகிறார்கள்.

ஆனால் "வேலை இல்லை" என்பது பாதிக் காரணம்தான். ஒரே வீட்டில், ஒரே கடனோடு வளரும் அண்ணன் தங்கச்சியில் அண்ணன் பம்பாய்க்கு ரயிலேறுகிறான், தங்கச்சி சொளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாள். யார் போவது, யார் இருப்பது என்பதை ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிள்ளைகளின் பத்து வயசிலேயே வீடு முடிவு செய்துவிடுகிறது.

ஆம்பளப் பய வீட்டுல இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக? பிளஸ் டூவோடு வேலைக்கு அனுப்பிவிடலாமா?

இதை அப்பாக்களைவிட அம்மாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பையனுக்குப் பதினாறு, பதினேழு ஆனதும் வீட்டில் பேச்சு மாறிவிடும். அதுவரை "சாப்பிட்டியாலே" என்று கேட்டவர்கள், அப்புறம் "எப்பம்லே சம்பாதிக்கப் போற" என்று கேட்பார்கள். அக்கா கல்யாணக் கடன், தங்கச்சிக்கு நகை, ஒத்திக்கு விட்ட வயல் என்று ஒவ்வொன்றாக அவன் பேரில் எழுதப்படும். அவன் இன்னும் முழுதாக மீசைகூட வைத்திருக்க மாட்டான்.

என் அண்ணனுக்கு ஐடிஐயில் வயர்மேன் படிக்க ஆசை இருந்தது. அப்பா இறந்த வருஷம் அவனுக்குப் பதினாறு வயது. தாராவியில் இருந்த மாமா ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஊரே "குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப் போறான்" என்று மெச்சியது. அவனுக்கு அழக்கூட இடம் இல்லை. பதினெட்டு வருஷம் கழித்து, ஒரு கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வந்திருந்தபோது, "ஒருத்தராவது 'போறியாலே'ன்னு கேட்டிருக்கலாம்ட்டி" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நானும் அவனிடம் கேட்கவில்லை.

ஆகவே என் பதில் இது. அனுப்பலாம், ஆனால் அவனைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். முடிந்தால் கையில் ஒரு தொழிலைக் கொடுத்து அனுப்புங்கள். பேட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐடிஐ இருக்கிறது. ஹெல்ப்பராகப் போகிறவனுக்கும் எலக்ட்ரீசியனாகப் போகிறவனுக்கும் சம்பளத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை, மேஸ்திரி கூப்பிடும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் "படிக்கிறவனுக்குச் செலவு, வேலைக்குப் போறவனுக்கு வரவு" என்ற கணக்கைக் கொஞ்சம் தள்ளிப்போட உதவும்.

எனக்குப் போக இஷ்டமில்லை. ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கவோ, சின்னக் கடை போடவோ ஆசை. வீட்டில் "பொட்டப் பய" என்கிறார்கள். என்ன செய்ய?

தம்பி, உன்னைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளியே சொல்லத்தான் வெட்கப்படுகிறார்கள். போகாத பையனுக்குத் தைரியம் இல்லை என்று ஊர் சொல்லும், பெண் கொடுக்கத் தயங்கும். போனவன் அங்கே எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருப்பதும், ஊருக்கு வரும்போது கடன் வாங்கிச் சென்ட் பாட்டில் வாங்கி வருவதும் பேச்சில் வராது. கஷ்டத்தை வீட்டில் சொன்னால் ஆம்பளைத்தனம் குறைந்துபோகும் என்று அவனும் மறைப்பான். அதை நம்பித்தான் அடுத்த பையன் கிளம்புகிறான்.

வெறுமனே "போகமாட்டேன்" என்று சொல்லாதே. எந்த வேலை, எவ்வளவு முதல், முதல் வருஷம் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டு. அப்பாவுக்கு உன்மேல் இருப்பது கோபம்போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் அது பயம்தான். எழுதின கணக்கைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது அந்தப் பயம் கொஞ்சமாவது இறங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்ம மாவட்டத்தில் சாதிச் சண்டையில் பையன் பேர் வந்துவிடக் கூடாது என்றே அவசரமாக வெளியூர் அனுப்பின வீடுகள் உண்டு. அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அது உயிர் பயம்.

பெண் பிள்ளையைத் தனியே வெளியூர் வேலைக்கு அனுப்பினால் பேர் கெட்டுவிடாதா?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அது உண்மைதான். ஆனால் ஊர் எதைப் பற்றிப் பேசுகிறது என்று நிதானமாகப் பாருங்கள். அவள் பசியோடு இருக்கிறாளா, மேற்பார்வையாளர் திட்டினாரா என்று ஊர் கேட்காது. யாரோடு பேசுகிறாள் என்றுதான் கேட்கும். "பாதுகாப்பு இல்லை" என்று நாம் சொல்வதில் பாதி, அவள் யாரையாவது விரும்பிவிடுவாளோ, அதுவும் வேற சாதியில் விரும்பிவிடுவாளோ என்ற பயம். இதை வெளிப்படையாகப் பேசாமல், "காலம் கெட்டுக் கிடக்கு" என்று பொதுவாகச் சொல்லி அவள் படிப்பையும் வேலையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம்.

பாதுகாப்பைப் பற்றிய நிஜமான கவலை வேறு. அதற்கு வழி இருக்கிறது: எந்த விடுதி, யார் வார்டன், ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா என்று விசாரிக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சேரும்போதே கேளுங்கள். மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் மில்லுக்கு மட்டும் எப்படி அனுப்பினார்கள்? அங்கே பேர் கெடவில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டது பதினேழு வயதுப் பெண். நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களுக்கு நம்ம தென்மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகளைப் புரோக்கர்கள் கூட்டிப் போனார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பேர். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால், கடைசியில் 30,000, 50,000 என்று மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். அது கல்யாணத்துக்கு. நடுவில் நின்றுவிட்டால் அந்தத் தொகை போய்விடும். போன் கிடையாது, வெளியே போகக் கட்டுப்பாடு, அம்மா அப்பா வந்து பார்ப்பதற்கே நாள் குறித்திருப்பார்கள்.

பேரை மறுபடி பாருங்கள்: சுமங்கலி. கல்யாணத்துக்காகப் போகிறாள், பூட்டின வாசலுக்குள் இருக்கிறாள், மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவாள். ஊர் வாய் திறக்க இடமே இல்லை. சுதந்திரமாக ஊருக்கு ஊர் போவதைத் தடுத்த அதே எண்ணம்தான் அவளை மில்லுக்குள் அனுப்பியது. விடுதிக் கட்டுப்பாட்டைப் புரோக்கர்கள் பெருமையாகவே சொல்லி ஆள் பிடித்தார்கள். "உங்க வீட்டைவிடக் கண்டிப்பு" என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பஞ்சுத் தூசி, பன்னிரண்டு மணி நேரம் நிற்பது, மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை என்று திரும்பி வந்த பிள்ளைகள் சொன்னதெல்லாம் பிற்பாடுதான் வெளியே வந்தது. அப்போதும் சிலரை, "மில்லுக்குப் போய்ட்டு வந்த பொண்ணா?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள்.

இன்றைக்கும் யாராவது "மூணு வருஷம் முடிச்சாத்தான் பணம்" என்று சொல்லி ஆள் கேட்டால் அனுப்பாதீர்கள். சம்பளம் மாதா மாதம் அவள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

பீடி சுற்றுவது பாதுகாப்பான வேலைதானே? வீட்டிலேயே இருக்கலாமே?

வீட்டில் இருந்தபடி செய்யலாம் என்பதால்தான் அதைப் பெண் வேலை ஆக்கினோம். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி ஆயிரம் போட ஒரு முழு நாள் போகும். நடுவில் சோறு பொங்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். அதை முடித்துப் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கழிவு என்று கொஞ்சம் தள்ளுவார்கள். கழுத்து வலியும் இருமலும் தனி.

எங்கள் அம்மா சுற்றின பீடியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அண்ணன் பம்பாயிலிருந்து அனுப்பும் பணம் மாதம் தவறி வரும். பீடிக் கூலி வாரம் தவறாது. ஆனாலும் அண்ணன் பணத்தைச் சம்பாத்தியம் என்றார்கள், அம்மாவுடையதைக் கைச்செலவுக்கு என்றார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே இது உறுத்தும். பெண் பார்க்க வருகிறவர்கள், "பொண்ணு பீடி சுத்துமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். வேலைக்குப் போகாத பெண் வேண்டும், ஆனால் கூலி கொண்டுவர வேண்டும்.

பீடித் தொழிலாளருக்கு என 1966-லேயே தனிச் சட்டம் வந்தது. அம்மா பேரில் பாஸ் (பீடிக் கம்பெனி கொடுக்கும் கணக்குப் புத்தகம்) இருந்தால் பிஎஃப் உண்டு, பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கேட்கலாம். பாஸ் ஒருத்தி பேரில் இருக்க, சுற்றுவது இன்னொருத்தியாக இருக்கும் வீடுகளும் இருக்கின்றன. அதில் சுற்றுகிறவளுக்கு ஒன்றும் வராது. இதை முதலில் சரிசெய்யுங்கள்.

நம்ம பெண்கள் முன்னெல்லாம் ஊரைவிட்டுப் போனதே இல்லை, இல்லையா?

யார் சொன்னது? வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிய ஊர்களில் நம்ம ஜில்லாவும் ஒன்று. பெண்களும் போனார்கள், கொழுந்து பறித்தார்கள். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலைத் தோட்டத்திலும் கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்தது பெரும்பாலும் பெண்கள்தான். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் போன முஸ்லிம் குடும்பங்கள் பெண்களோடும் பிள்ளைகளோடும் போயின. அந்தப் பெண்கள் அங்கே மசாலா அரைத்து விற்றார்கள்.

பெண் போகக் கூடாது என்ற பேச்சு வசதி கொஞ்சம் கூடின பிறகு பலமானது. வயல் வேலைக்குப் போகாத பெண் இருக்கிற வீடு என்றால் மதிப்பு என்று ஆனது. இதைச் சொன்னால் எங்கள் ஆச்சி ஒருத்தி, "அது சரிதாம்மா, எங்க ஆத்தா கண்டிக்குப் போய்ப் பெத்தவதான் நான்" என்றாள்.

அரபு நாட்டுக்குப் பெண்கள் வேலைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இல்லை. பத்தாவது பாஸ் செய்யாதவர்கள் பாஸ்போர்ட்டில் பொதுவாக இசிஆர் முத்திரை, அதாவது 'குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை' என்ற குறிப்பு, இருக்கும். அவர்கள் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பாஸ்போர்ட்டோடு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆணுக்கு அப்படி இல்லை. நர்ஸ்களையும் அந்த நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான அரசு நிறுவனம் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் இருக்கிறது.

இந்த வயது விதி பெண்களைக் காக்க என்று வந்தது. ஆனால் கடனும் பசியும் 30 வயது வரை காத்திருப்பதில்லை. சட்டப்படி போக முடியாதவளிடம் ஏஜென்ட் "விசிட் விசாவில போயிரலாம்" என்பார். அப்படிப் போனவளுக்கு அங்கே ஒப்பந்தமும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. தடுப்பதைவிட, சட்டப்படி போக வழி கொடுத்துப் பாதுகாப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஆண்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

மகனை வெளிநாடு அனுப்பும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக் கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத் தாளில் என்ன வேலை, என்ன சம்பளம் என்று இருக்கிறதோ அதையேதான் வாயாலும் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம்: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தால் 10 லட்சம். பத்தாவது முடித்தவர்களுக்கு அனுமதி தேவையில்லை என்பதால் இதெல்லாம் தெரியாமலே போய்விடுகிறார்கள்.

அப்புறம், ஏஜென்ட் பணத்துக்குத் தங்கச்சி நகையை அடகு வைக்கிறோம். அது யார் நகை, எப்போது மீட்பது என்று அவள் முன்னால் வைத்தே பேசுங்கள்.

"மாப்பிள்ளை ஃபாரின்ல இருக்காக" என்று ஒரு வரன் வந்திருக்கிறது. சரி சொல்லலாமா?

பெண்ணைக் கேளுங்கள். அவரோடு போகப்போகிறாளா, அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் வருகிறவருக்காக மாமியார் வீட்டில் இருக்கப்போகிறாளா என்று முன்பே தெரிய வேண்டும். மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் கடையநல்லூரிலும் இப்படி இருந்து பிள்ளை வளர்த்த பெண்களுக்கு வங்கி, பள்ளிக்கூடம், கட்டட வேலை எல்லாம் அத்துப்படி. ஆனால் பணம் மாமனார் கணக்குக்கு வந்தால், ஒரு சேலை வாங்கவும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். பணம் யார் கணக்குக்கு வரும் என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்பதில் தப்பே இல்லை.

மகள் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வீடு கட்டினோம். அவளுக்கு அதில் பங்கு உண்டா?

இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. பணத்தை அவளே அனுப்பியிருந்தால் தர்மப்படியும் கேட்கத் தேவையில்லை. பத்திரத்தில் அவள் பேரையும் சேருங்கள். "நகைதான் போட்டாச்சே" என்று சொல்லாதீர்கள், அந்த நகையும் அவள் உழைப்புதான்.

பக்கத்திலேயே வேலை இருந்தால் பெண்களை அனுப்புவார்களா?

அனுப்புகிறார்கள். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடாவின் சோலார் ஆலை வந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் வருகிறது, சாயங்காலம் இறக்கிவிடுகிறது. சுடிதார் மேல் சீருடைக் கோட்டோடு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அங்கே போன பெண்ணை யாரும் பேர் கெட்டவள் என்று சொல்லவில்லை.

எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவிடம் எப்படிப் பேச?

முதலில் அம்மாவிடம் பேசு. வேலை உத்தரவை, சம்பளத் தாளை, விடுதி முகவரியைக் காட்டு. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழக அரசு 2024-இல் திறந்தது. உன் விடுதி அதுவா, தனியார் வீடா என்று கேட்டு வை. தினம் இத்தனை மணிக்குப் போன் பண்ணுவேன் என்று நீயாகவே சொல்லிவிடு. வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவாய், உனக்கென்று எவ்வளவு வைத்துக்கொள்வாய் என்பதையும் இப்போதே சொல். பிறகு சொன்னால் சண்டை வரும்.

"எத்தனை வருஷம்?" என்று அப்பா கேட்பார். கல்யாணத்தை மனதில் வைத்துத்தான் கேட்பார். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல். உன் அண்ணனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் அதை அப்பாவிடம் கத்திச் சொல்லாதே, அம்மா வழியாகப் போகட்டும்.

அப்பா இறங்கி வராவிட்டால், அம்மாவையோ அத்தையையோ ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. போன வருஷம் கடையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அப்படித்தான் மகளோடு நெல்லை எக்ஸ்பிரஸில் போனார். அதற்குமுன் மதுரை தாண்டினதில்லை. விடுதிக்குப் போனதும் யாரிடமும் பேசவில்லையாம். ஒவ்வொரு அறையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுத் திறந்து பார்த்திருக்கிறார், குளியலறைக் கதவையும்தான். சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து சாம்பாரை ருசி பார்த்திருக்கிறார். திரும்பி வந்து வீட்டுக்காரரிடம், "தாப்பா எல்லாம் நல்லா விழுது. சாம்பார்தான் சப்புன்னு இருக்கு, பொடி இடிச்சுக் குடுத்துவிடணும்" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்துவிட்டது.